பட்டாணி விரதம்

மைக் பிடிக்கிற வேலையில் முதலில் கெட்டுப்போவது தொண்டை, இரண்டாவது புத்தி.

பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர் கூவுகிற அண்ணன்மாரே, திருவிழாவில் காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தை அறிவிக்கிறவர்களே, தேர்தல் காரில் ஏறி ஊரெல்லாம் கத்தித் திரிகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையில் மைக் வந்தவுடன் நமக்கு ஓர் அடி உயரம் கூடிவிடுகிறது. எதிரே நிற்கிறவர்கள் சிரித்துவிட்டால் இன்னும் ஓர் அடி. அந்த இரண்டாவது அடியிலிருந்துதான் நான் விழுந்தேன்.

எனக்கு இப்போது பதினெட்டு வயது. பதினாறு வயதில், இலங்கை மலைநாட்டில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு சுகாதார ஜீப்பில் ஏறிக்கொண்டு, பச்சைப் பட்டாணியின் பெருமையைக் கத்தினேன். அப்படிக் கத்தும்போது நான் செய்த ஒரு விளையாட்டை நம்பி, பிள்ளைத்தாய்ச்சியான புஷ்பம் அக்கா ஒரு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்தார். முன்பு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்காமல், மூன்றாவதையாவது உயிரோடு பார்க்க வேண்டும் என்று இருந்தவர் அவர். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. சிரிக்கக்கூடியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலை கிடைத்த விதம்

எங்கள் தோட்டத்துக்கு அந்த ஜீப் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூரையில் பெரிய புனல் மாதிரி ஒலிபெருக்கி. பேச வந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. மூக்குக்கண்ணாடி, கறுப்புக் குடை, மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை. நல்ல மனிதர். "பிள்ளையள், பட்டாணி எண்டது லேசுப்பட்ட சாமான் இல்லை, கண்டியளோ?" என்று ஆரம்பித்தார். லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து வந்த சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்றவர் பக்கத்து ஆளிடம், "கண்டிக்குப் போகணுமாம்ல" என்று விளக்கம் சொன்னார்.

ஐயா சாயத்தண்ணி, அதுதான் பால் விடாத தேத்தண்ணி, குடிக்கப் போன நேரத்தில் மைக் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற எதையும் நான் சும்மா விட்டதில்லை. ஐயா சொன்னதையே முதலில் ஐயா மாதிரி இழுத்துச் சொன்னேன். அதையே எங்கள் கங்காணி மாதிரி அதட்டினேன். கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி மூக்கால் முனகினேன். கடைசியில் தோட்டத்தை நடத்துகிற தொரை பேசுகிற தமிழில், "ஏய், பட்டாணி சாப்பிடு, இல்லே, நாளைக்கு வேலே இல்லே!" என்று முடித்தேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. திரும்பிப் பார்த்தால் ஐயா கோப்பையும் கையுமாக நிற்கிறார். முதுகில் ஒன்று விழும் என்று குனிந்தேன். அவர் சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பையை ஜீப்பின் மூஞ்சியில் வைத்தார்.

"தம்பி, நான் அரை மணித்தியாலம் கத்தினது ஒருத்தருக்கும் விளங்கேல்லை, நீ குரங்குச் சேட்டை விட்டது எல்லாருக்கும் விளங்கிப்போச்சு, நாளைக்கு என்னோடை வா."

தொரை வீட்டுச் சாப்பாடு

என் வேலை இதுதான். ஐயா ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதைத் தோட்டத்துப் பேச்சில் திருப்பிச் சொல்வேன். பட்டாணியில் சதை வளரப் புரதம், இரத்தம் ஊற இரும்புச்சத்து, வயிறு சுத்தமாக நார்ச்சத்து, ஈறு கெடாமல் இருக்க உயிர்ச்சத்து. அவித்த தண்ணீரிலும் சத்து இறங்கியிருக்கும், அதைக் கொட்டக்கூடாது. ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் வயிற்றை நிரப்பும், ஆளை வளர்க்காது. பிள்ளைத்தாய்ச்சிகள் சோறு ரொட்டியோடு தினம் ஒரு கிண்ணம் பட்டாணி சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதி வைத்துப் படிக்கத் தேவையில்லாத அளவுக்கு எனக்கு அது மனப்பாடம். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் எந்தக் குரலில் வேண்டுமானாலும் ஒப்பிப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டாணி அவர்களுக்குப் புதிது இல்லை. லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் குச்சி நட்டுக் கொடி ஏற்றி வளர்ப்பவர்களே அவர்கள்தான். பறித்ததை மூட்டை கட்டி நுவரெலியா லொறியில் ஏற்றிவிடுவார்கள். மிச்சம் பங்களாக் குசினிக்குப் போகும். தங்கள் சட்டிக்கு ஒரு காய்கூடப் போகாது. "ஏன் சாப்பிடுவதில்லை?" என்று ஐயா கேட்கச் சொன்னார். கேட்டேன். கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அத நாங்க தின்னுட்டா, பாவம், தொரை என்னத்தத் திம்பாரு?"

துருப் பிடிக்கும் பிள்ளைகள்

தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளையும் நடைபிள்ளைகளையும் விட்டுப்போகிற இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். ஒரு தோட்டத்தில் ஐயா அலைந்து திரிந்து, அங்கே தினம் காலையில் ஆளுக்கு ஒரு கை அவித்த பட்டாணி கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்காக எத்தனை பேர் முன்னால் குடையை மடக்கிக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வாய் அரித்தது. "பட்டாணியில இரும்பு இருக்குல்ல? தின்னுட்டு மழையில நனைஞ்சா துருப்பிடிக்கும். மொதல்ல காதுதான் பிடிக்கும். அப்புறம் தலையத் திருப்பினா இப்படித்தான்" என்று சொல்லி, எண்ணெய் காணாத கதவு மாதிரி 'க்ரீ...ச்' என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். பிள்ளைகள் கிலுகிலுவென்று சிரித்தார்கள். எங்கள் ஊரில் மழை எப்போது பெய்யாது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் போனால், பிள்ளைக்காம்பராவின் பின்பக்கம் மழைத் தண்ணீர் ஓடுகிற கானில் பச்சைப் பச்சையாகப் பட்டாணி. காகங்கள் கொழுத்துப்போய் நின்றன. ஒரு பிள்ளையும் வாயில் வைக்கவில்லையாம். கையில் வாங்கி, ஆயா திரும்பும்போது ஜன்னலால் எறிந்துவிடுமாம். ஐயா குடையை ஊன்றிக்கொண்டு கானையே பார்த்தார். பிள்ளை பார்க்கிற ஆயம்மாதான் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தம்பி, எங்க புள்ளைங்களுக்குத் துருப்பிடிக்காத சாமான் ஏதாச்சும் இருந்தா அதச் சொல்லிக் குடுங்க."

நார்

நார்ச்சத்து என்று ஐயா அழகாகச் சொல்வார். என் வாயில் அது வேகத்தில் 'நாறுச்சத்து' என்று வரும். தவறி வந்தது ஒரு தடவை, வேண்டுமென்று வந்தது நூறு தடவை. லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. பேச்சு, இருமல், புகை எல்லாம் மேலே ஏறி அடுத்த வீட்டில் இறங்கும். கடைசிக் காம்பராக் கிழவனார் ஒருவர் கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

"அந்தச் சத்து இருக்குன்னு நீங்க மைக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்ல தம்பி, பக்கத்து வீட்டுல தின்னாலே எங்களுக்குத் தெரிஞ்சிருது."

சரிங்க சாமி

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

புஷ்பம் அக்காவின் தோட்டம் கந்தப்பளையிலிருந்து மலைமேல் ஏறிப் போகிற வழியில். அன்றைக்குக் கூட்டம் முடிந்து, ஐயா தோட்டத்து டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஜீப்பில் நானும், சிங்கள ட்ரைவர் பண்டாவும், மைக்கும். பெண்கள் கலையாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சந்தேகம். "அந்த ஐயா பட்டாணில விரதம் இருக்குன்னாரே, அது என்ன விரதம்? வெள்ளிக்கெழமையா, செவ்வாக்கெழமையா?" என்று ஒரு பெண் கேட்டாள். புரதம் என்ற சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டதே இல்லை. விரதம் வாரா வாரம் வீட்டில் இருக்கிற சொல். காது தனக்குத் தெரிந்ததைத்தானே எடுத்துக்கொள்ளும்? "விரதம் இல்லக்கா, புரதம். சதை வளக்கிற சத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் மைக்கை எடுத்தேன். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரியின் குரல் எனக்கு அல்வா மாதிரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "ஆத்தா சொல்றா" என்பார், பின்னால் ஒரு செருமல். "ஆத்தா சொல்றா, கேட்டுக்குங்க. ம்ஹும். பட்டாணி விரதம் நாப்பத்தெட்டு நாளு. ஒரு பொழுது. வெளக்கு வச்ச பெறகு ஒரு கைப் பட்டாணி. சோறு தொடக்கூடாது. ரொட்டியக் கண்ணால பாக்கக்கூடாது. ம்ஹும்." பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு அந்த இரண்டாவது அடி உயரம் வந்துவிட்டது. முன்வரிசையில் இரண்டு மூன்று பிள்ளைத்தாய்ச்சிகள் நின்றதைப் பார்த்தேன். கைதட்டலுக்காக ஒரு வரி சேர்த்தேன்: "வயித்துல உள்ளது தங்கும். சிங்கக்குட்டியாட்டம் வரும்." பண்டா என் முழங்கையை இழுத்து, "மல்லி, எபா" என்றார். தம்பி, வேண்டாம் என்று அர்த்தம். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த அவருக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

முன்வரிசையில் ஆறு மாத வயிற்றோடு நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் புஷ்பம் அக்கா. "அவிச்ச தண்ணியக் குடிக்கலாமா, கொட்டிறணுமா?" என்று கேட்டார். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதே மைக்கில் தண்ணீரைக் கொட்டாதே என்று கத்தியிருந்தேன். இப்போது பூசாரிக் குரலில், "கொட்டிரு ஆத்தா, கொட்டிரு" என்றேன். மறுபடி சிரிப்பு. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தார்.

"சரிங்க சாமி."

முப்பத்திரண்டாம் நாள்

ஒரு மாதம் போல் கழித்து ஜீப் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனது. கூட்டம் தொடங்குமுன் ஒரு பெண் ஜீப் அருகே வந்து நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் எலும்பு மட்டும் இருந்தது. கையைத் தூக்கினால் கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியது. வயிறு மட்டும் யாரோ கொண்டுவந்து வைத்தது போல் முன்னால் நின்றது. புஷ்பம் அக்காதான் அது. இந்த நிலையில் அவர் தினம் மலையேறிக் கொழுந்து எடுத்திருக்கிறார். பகலில் சாயத்தண்ணி, விளக்கு வைத்த பிறகு ஒரு கைப் பட்டாணி. வேறு ஒன்றும் இல்லை. அவர் புருஷன் ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனால் அக்கா கண்ணை மூடிக்கொள்வாராம், பார்க்கக்கூடாது என்று.

அவர் கையில் இலைப் பொட்டலம். அவித்த பட்டாணி. முந்தின நாள் மாலை அம்மனுக்குப் படைத்ததில் எனக்கென்று எடுத்து வைத்திருந்தாராம். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது?

"நீங்க சொல்லலேன்னா இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்கு யாரு தம்பி சொல்லுவாங்க? இன்னும் பதினாறு நாள்தான்."

யார் குரல்

அன்றைக்கு நான் மைக்கை ஜீப்பிலேயே வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். பாதையோரத்தில் நிறுத்தி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். முதலில் ஐயாவின் குரல் வந்தது. "பிள்ளை..." என்று. அதை விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தால் கங்காணி வந்தார். எத்தனையோ பேரை வாயில் குடிவைத்திருந்தவனுக்கு, தன் குரல் எந்த மூலையில் கிடக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கடைசியில் மெல்லிசாக, கொஞ்சம் நடுக்கமாக ஏதோ ஒன்று வந்தது. "அக்கா, அது பொய்யிக்கா. விரதமே இல்ல. நான் வெளையாட்டுக்குச் சொன்னேன். சோறு சாப்புடுங்கக்கா, புள்ளைக்கு ஆகாது." சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

புஷ்பம் அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, எத்தனை நாளைக்குப் பிறகோ, சிரித்தார். பல் ஈறெல்லாம் வெளுத்திருந்தது.

"இது யாரு கொரலு தம்பி? அச்சு அசலா அழுவுற மாதிரியே இருக்கு!"

ஐயாவின் முறை

ஐயாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அடிக்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல், தூறலில் நனைந்துகொண்டு லயத்துக்கு நடந்தார். நான் பின்னால் நாய்க்குட்டி மாதிரி போனேன். புஷ்பம் அக்கா வாசலில் எழுந்து நின்றார். ஐயா நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் சொல்வது போலச் சொன்னார்: "பிள்ளை, வடிவாய்க் கேளும். நான் சொன்னது விரதம் இல்லை. புரதம். பட்டாணியிலை புரதம் இருக்கு."

வாழ்நாளெல்லாம் படித்த மனிதர். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். கேட்டவருக்கு அது ஒரே சொல். புஷ்பம் அக்கா பணிவாகத் தலையை ஆட்டினார்.

"அதத்தானுங்க ஐயா நானும் இருக்கேன்."

பூசாரியின் குரல்

ஐயா அந்த இடத்திலேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். எடுத்த விரதத்தைப் பாதியில் விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று அக்கா நினைக்கிறார். முடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்களுக்குத் தெரிகிறது. இதைப் பூசாரி ஒருவர்தான் அவிழ்க்க முடியும். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "எங்க, எம்மாதிரி பேசு பாப்போம்" என்றார். கைகட்டி நின்று, "ஆத்தா சொல்றா, ம்ஹும்" என்றேன். அவர் முகத்தில் கோபம் வருமுன் ஒரு கணம் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். பிறகுதான் என் காதைப் பிடித்தார். பிடித்த காதை விடாமலே லயம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

காம்பராக் கதவு சாத்தியிருந்தது. பூசாரி வெளியே நின்று, "ஆத்தா சொல்றா புஷ்பம், ம்ஹும், ஒன் விரதத்த ஏத்துக்கிட்டா. இன்னையோட போதும், வந்து கஞ்சி குடி" என்று உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "போங்க தம்பி, ஒங்களுக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்." பூசாரி இன்னும் சத்தமாகச் சொன்னார். உள்ளே சிரிப்பு. மூன்றாம் தடவை சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினார். அக்கா கதவைத் திறந்து, நிஜப் பூசாரியைக் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டு காலில் விழுந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, திருநீறு பூசி, புருஷன் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைப் பூசாரியே எடுத்துக் கொடுத்தார். முதல் வாய் உள்ளே இறங்குவதற்கு நேரமெடுத்தது. நாங்கள் எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்த பூசாரியின் கண் கலங்கியிருந்தது.

"முப்பது வருசமா ஆத்தாளுக்குக் குடுத்த கொரலுடா, அத எனக்கே இல்லாமப் பண்ணிட்டியேடா."

தடை

அன்றிலிருந்து ஐயா ஒரு சட்டம் போட்டார். ஜீப்பில் ஏறினால் சொந்தக் குரல், வேறு எதுவும் கிடையாது. 'புரதம்' என்ற சொல்லையும் விட்டுவிட்டோம். 'சதை வளக்கிற சத்து' என்று மட்டும் சொன்னோம். நான் ஒழுங்காகப் பேசினேன். கூட்டம் பாதியில் கலைந்தது. பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே போனார்கள். ஒரு தோட்டத்தில், நான் தொண்டை வற்ற நிஜத்தையெல்லாம் சொல்லி முடித்தபோது, மிச்சம் இருந்த ஒரே ஒரு அண்ணன் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி நல்லாப் பேசுற தம்பி ஒண்ணு வருமே, அத நிப்பாட்டிட்டீங்களா?"

கனம்

புஷ்பம் அக்காவுக்கு நாள் ஆகுமுன்பே வலி கண்டுவிட்டது. செய்தி வந்தபோது நாங்கள் வேறு தோட்டத்தில் இருந்தோம். பண்டா ஒரு கேள்வியும் கேட்காமல் ஜீப்பைத் திருப்பினார். தோட்டத்து ஆஸ்பத்திரித் திண்ணையில் போய் நின்றபோது, உள்ளே பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். எனக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் உடனே வாய்க்குள் அதைச் செய்து பார்க்கிற பழக்கம். அன்றைக்கு என் வாய் அசையவில்லை.

பெண் பிள்ளை. உயிரோடு இருந்தது. ஆனால் சின்னது; இவ்வளவு சின்னதாக நான் ஒரு மனிதரைப் பார்த்ததில்லை. விரலைப் பிடிக்கத் தெரிந்தது, பாலை இழுக்கத் தெரியவில்லை. பஞ்சை நனைத்து நனைத்துக் கொடுத்தார்கள். ஒரு கிழமை வரைக்கும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தக் கிழமை முழுக்க நான் யார் மாதிரியும் பேசவில்லை. என் அம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார். எட்டாம் நாள் பிள்ளை தானாகப் பால் குடித்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியில், "என்னாலதானுங்களா ஐயா?" என்று கேட்டேன். "அந்தப் பட்டினி நல்லது செய்யேல்லை. அதுக்கு மேலை எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார் ஐயா. ஆம் என்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

பிறகு பிள்ளையைப் பார்க்கப் போனபோது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் என் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா பிள்ளையை என் மடியில் வைத்தார். ஒரு முந்தானை முடிச்சு அளவு பாரம். நான் வாய் திறக்குமுன் அவர் பேசிவிட்டார்.

"விரதம் பலிச்சிருச்சு தம்பி, புள்ள தங்கிருச்சு; நாப்பத்தெட்டும் முழுசா இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் கனமாப் பொறந்திருக்கும்."

எங்களுக்கு முன்னே போனது

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவருக்கு மூன்றாவது தங்கியது. அது எப்படித் தங்கியது என்று கிணற்றடியில் ஒருவர் கேட்க, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒருவர் சொல்ல, கல்யாணம் கட்டிப் போன தங்கச்சி ஒருத்தி அதை அடுத்த மலைக்குக் கொண்டுபோனாள். புஷ்பம் அக்கா பொய் சொல்லவில்லை. தனக்கு நடந்ததைச் சொன்னார்.

போன மாதம் வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு முதல் தடவையாகப் போனோம். பாதை மோசம், ஜீப் இரண்டு இடத்தில் படுத்துவிட்டது, தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மைக்கைப் பிடித்து, என் சொந்தக் குரலில், "பச்சைப் பட்டாணில சதை வளக்கிற சத்து இருக்குங்க" என்று தொடங்கினேன். முன்வரிசையில் வாயும் வயிறுமாக ஒரு பெண், இருபது வயதிருக்கும். உதடு காய்ந்திருந்தது. கையைத் தூக்கினால் வளையல் இறங்கியது. நான் பேச்சை நிறுத்தினேன். ஐயாவும் பார்த்துவிட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். "விரதமாக்கா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தாள். அது பொய், அதை உண்டாக்கினவனே நான்தான், இந்த வாயால்தான் என்று மைக்கிலேயே சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு; சின்னப் பையன் சாமி விஷயத்தில் வாய் வைக்கிறான் என்று. அந்தப் பெண் மட்டும் எனக்காகப் பரிதாபப்பட்டது போல் சிரித்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி, கந்தப்பளைல ஒரு அக்காவுக்குப் பலிச்சிருக்கு, எனக்கு இன்னையோட பதினொரு நாளு."

அந்தத் தோட்டத்துக் கோயிலுக்குப் பூசாரி யார் என்று விசாரித்துக்கொண்டு ஐயா முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். ஐயாவின் புரதத்தை ஜீப்பில் ஏற்றி இந்த மலைகளுக்குக் கொண்டுபோக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது, என் விரதமோ வெறுங்காலோடு நடந்து எல்லா இடத்துக்கும் எங்களுக்கு முன்னே போய் உட்கார்ந்திருக்கிறது.